கரடி உருட்டிய டப்பா

இடுப்புப் பட்டையை எங்கே கட்டுவது என்பதில்தான் முதல் தகராறு வந்தது.

மலையில் நடக்கப் போகிறவர்களுக்குக் கூடாரம், முதுகுப் பை, சின்ன அடுப்பு எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அது. கடைக்கார அம்மாள் பெரிய பை ஒன்றைப் பூட்டுக்காரரின் முதுகில் ஏற்றி, பட்டையை அடிவயிற்றின் குறுக்கே இழுத்து இறுக்கப் போனாள். சுமை தோளில் தொங்கக் கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். அவள் கை கொக்கியைத் தொடுவதற்குள் பூட்டுக்காரரின் மைத்துனன் குறுக்கே பாய்ந்துவிட்டான்.

"அங்க வேணாம்மா. அங்க நம்ம ஆளு ஒருத்தர் குடியிருக்காரு."

அம்மாள் திருதிருவென்று விழித்தாள். பூட்டுக்காரர் கூச்சத்தோடு சட்டையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினார். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்தவர் அவர். மனைவியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. மனைவியின் தம்பியுடையது பொருந்தியது. அவன் கொடுத்ததுதான் ஒரு வருஷத்துக்கு மேலாக அவருடைய வலது அடிவயிற்றில், தோலுக்குச் சற்று உள்ளே, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு இறுக்கியிருப்பேனே!" என்று அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சின்னப் பையாக ஒன்றை எடுத்து, இடுப்புப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மார்புப் பட்டையை மட்டும் மாட்டினாள். கனமான சாமானெல்லாம் மைத்துனன் பைக்குப் போயிற்று.

"கொடுத்ததும் நானு, சுமக்குறதும் நானா?" என்றான் அவன். சொன்னானே தவிர, பூட்டுக்காரர் கையிலிருந்த தண்ணீர்க் குப்பியையும் பிடுங்கித் தன் பையில்தான் சொருகிக்கொண்டான்.

அவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். வீட்டிலும் வெளியிலும் அவனுக்குப் பெயர் பன்னு. பேக்கரிக்கு வருவதற்கு முன் அவன் கை வைக்காத தொழில் இல்லை. முடி வெட்டக் கற்றுக்கொண்டு பாதியில் விட்டான், வண்டி ஓட்டினான், செல்போன் ரிப்பேருக்குப் போனான். எதிலும் கால் ஊன்றவில்லை. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் பொழுது போகாவிட்டால் அவன் தலைதான் உருளும். அப்படிப்பட்டவன், மாமாவுக்குச் சிறுநீரகம் தேவை என்று அக்கா அழுதபோது மட்டும், யோசிக்க நேரம் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

பூட்டுக்காரருக்கு இதில்தான் தீராத குறை ஒன்று இருந்தது. அவனுக்கு ஒரு முறையாவது முறையாக நன்றி சொல்ல வேண்டும். எங்கே சொல்ல விட்டான்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஒரு பக்கம் வெயிட் ஜாஸ்தியா இருந்துச்சு மாமா, இப்பத்தான் நேரா நடக்குறேன்" என்று சொல்லி, தையல் வலிக்க வலிக்க அவரைச் சிரிக்க வைத்துவிட்டான். நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மாவு பிசைகிற கையில் கடிகாரம் எதற்கென்று அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். பார்க்கும்போதெல்லாம் அவர் வயிற்றைப் பார்த்து "நம்மாளு சௌக்கியமா?" என்று கேட்பான். அத்தோடு சரி. நன்றி என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

நோய் வருவதற்கு முன் பூட்டுக்காரருக்கு மலை என்றால் உயிர். மேலே ஒரு ஏரி இருக்கிறது. அதை மறுபடி பார்ப்போமா என்று சாப்பிடும்போது ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பன்னு டாக்டரிடம் போய் நச்சரித்து அனுமதியே வாங்கி வந்துவிட்டான். டாக்டர் போட்ட நிபந்தனைகள் இரண்டு. ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வைக்காமல் ஒரு மடக்குக்கூடக் குடிக்கக் கூடாது. காலை, மாலை மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. தவறினால், புதிதாக வந்த சிறுநீரகத்தை உடம்பே அந்நியன் என்று விரட்டத் தொடங்கிவிடும்.

கிளம்பும்போது கடைக்கார அம்மாள் ஒரு டப்பாவைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். கைப்பிடி இல்லாத, பானை பருமனுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பா. மூடியில் இருந்த திருகை நாணயத்தால்தான் திருப்ப முடியும்.

"இது கரடி டப்பா. சாப்பாடு மட்டும் இல்ல, பேஸ்ட்டு, சோப்பு, தைலம், வாசனை வர்றது எதுவானாலும் இதுக்குள்ளதான் போகணும். கூடாரத்துக்குள்ள அந்த வாசனையே இருக்கக் கூடாது. ராத்திரி கூடாரத்தை விட்டு நல்லாத் தள்ளி, சமதரையில, பாறைங்களுக்கு நடுவுல வைங்க. கயிறு கட்டாதீங்க. உசரத்துல வைக்காதீங்க. கரடியால இதைத் திறக்க முடியாது. ஆனா உருட்டும்."

பூட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பூட்டுத் தொழில் செய்கிறவருக்கு விதி என்றால் விதிதான். பன்னுவோ கடையின் அந்தக் கோடியில் நின்று, அடுப்பைப் பற்ற வைத்துப் பற்ற வைத்து, சுடர் நீலமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பைக் கண்டுவிட்டால் அவனுக்கு வேறெதுவும் காதில் விழாது.

முதல் நாள் நடை சுகமாகவே போயிற்று. ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் பன்னு தனக்கு மூச்சு வாங்குவதாக நடித்து நின்றான். அது தனக்காகத்தான் என்று பூட்டுக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாதது போல அவரும் நின்றார். மேலே காற்று சில்லென்று முகத்தில் அடித்தபோது, ஊசியும் குழாயுமாகக் கிடந்த நாட்களை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. நடக்கிறோமே, இதுவே போதும் என்றிருந்தது.

மரங்கள் குறைந்து பாறை தொடங்குகிற இடத்தில் கூடாரம் போட்டார்கள். சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டபின், பூட்டுக்காரர் மாத்திரைச் செப்பை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பேக்கரியில் எசன்ஸ் வைத்திருந்த பழைய தகரச் செப்பு அது, பன்னு கொடுத்தது. எத்தனை முறை கழுவினாலும் கேக் வாசனை போகவில்லை. விதி நினைவுக்கு வந்தது. எச்சரிக்கையாக எடுத்து வந்திருந்த உபரி மாத்திரைகளோடு செப்பை அப்படியே கரடி டப்பாவுக்குள் போட்டுத் திருகினார். மாத்திரையைக் கேக் செப்பில் வைத்த குடும்பமும், அதை மோந்து பார்த்துக் கரடிக்குப் பயந்து உள்ளே போட்ட மனிதரும் உலகத்திலேயே இவர்கள்தான் இருப்பார்கள்.

கூடாரத்தின் கயிறுகளை இறுக்கிக்கொண்டே, டப்பாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய பன்னுவிடம் கேட்டார்.

"தள்ளி வச்சிட்டியா மாப்ளே?"

"நல்ல இடமாப் பாத்து வச்சிட்டேன் மாமா. எலிகூட எட்டாது."

அந்த எலி என்ற சொல்லில் அவர் உஷாராகியிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டார்.

பொழுது விடிந்ததும் போய்ப் பார்த்தால் டப்பாவைக் காணோம். சரிவின் விளிம்பில் ஆள் உயரப் பாறை ஒன்று நின்றது. அதன் உச்சியில்தான் பன்னு வைத்திருந்தான். பேக்கரியில் தின்கிற பண்டம் எதுவானாலும் உயர்ந்த பலகையில்தான் இருக்கும், எலித் தொல்லை. அந்தப் பழக்கம் அவனோடு மலை ஏறி வந்துவிட்டது. பாறையடியில் ஈர மண்ணில், விரித்த கையைவிடப் பெரிய காலடித் தடங்கள் கிடந்தன. அதற்கப்பால் கல்லும் சரளையுமாகச் செங்குத்தாக இறங்கியது சரிவு. அடியில் எங்கேயோ ஓடைச் சத்தம் கேட்டது.

"சாப்பாடுதானே மாமா, போனாப் போகுது. பட்டினியாவே கீழ எறங்கிடலாம்" என்றான் பன்னு.

பூட்டுக்காரர் சரிவை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பன்னுவின் சிரிப்பு நின்றது.

"மாத்திரை?"

"உள்ளதான் இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

பன்னுவுக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. திரும்பி நடந்து சாலையைப் பிடித்து, வண்டி கிடைத்து வீடு சேர்வதற்குள் எத்தனை வேளை தவறும் என்று இரண்டு பேருமே மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். அப்போது பூட்டுக்காரரின் போன் மாத்திரை நேரமென்று கிணுகிணுத்தது. அவர் அதை அணைப்பதற்குள் பன்னு சரிவில் இறங்கிவிட்டிருந்தான்.

"டேய், வேணாம்! மேல வா!"

அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்தபடி சரிந்தான், கல்லைப் பிடித்தான், கல் பெயர்ந்து அவனுக்கு முன்னே உருண்டு போயிற்று. பூட்டுக்காரர் விளிம்புக்கு ஓடினார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஒருவன் கல்சரிவில் போய்க்கொண்டிருக்கிறான். அந்த இடுப்பில் ஒரு பாறை மோதினால் அவனுக்கு மாற்று இல்லை, அது இங்கே தன்னிடம் இருக்கிறது. இத்தனை நாளும் அவன் கொடுத்ததைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டு அவன் எதை வைத்துக்கொண்டு நடமாடுகிறான் என்று நினைத்ததே இல்லை. அது இப்போதுதான் உறைத்தது.

"மாத்திரையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்! நீ மேல வாடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. அவன் புதருக்குப் பின்னால் மறைந்துவிட்டான்.

அதன்பின் அவருக்குப் போன நேரம் நேரமே இல்லை. உட்கார்ந்தார், எழுந்தார், பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். வேண்டாத தெய்வமில்லை. வேண்டுதலில் மாத்திரை ஒரு தடவையும் வரவில்லை, அவன்தான் வந்தான்.

கடைசியில் புதர் அசைந்தது. முட்டி கிழிந்து ரத்தம் ஒழுக, டப்பாவைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பன்னு தவழ்ந்து ஏறி வந்தான். பூட்டுக்காரர் குப்புறப் படுத்து, கையை நீட்டி, சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் மூச்சிரைக்க அங்கேயே கிடந்தார்கள்.

"ஓடைக்கரையில கெடந்துச்சு மாமா. பல்லுத்தடம் தெரியுது பாருங்க. தெறக்கத் தெரியாமக் கோவத்துல கடிச்சிருக்கு."

பூட்டுக்காரர் நாணயத்தை எடுத்து மூடித் திருகில் வைத்தார். எத்தனையோ வீட்டுக் கதவுகளை, சாவி தொலைந்த பீரோக்களைத் திறந்த கை. இப்போது அதிலிருந்து நாணயம் இரண்டு முறை நழுவி விழுந்தது. திருகில் மணல் ஏறி இறுகியும் போயிருந்தது. பன்னு டப்பாவை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் பளார் பளார் என்று நாலு போடு போட்டான். ஜாம் பாட்டில் மூடி இறுகினால் பேக்கரியில் அப்படித்தான் செய்வார்களாம். மணல் உதிர்ந்தது. அவனே நாணயத்தை வைத்துத் திருப்பினான். திறந்துகொண்டது.

காய்ச்சி வைத்த தண்ணீரில் பூட்டுக்காரர் மாத்திரையை விழுங்கினார். நேரம் கொஞ்சம்தான் தப்பியிருந்தது. அது உள்ளே இறங்குகிறவரைக்கும் பன்னு அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிக்க வாயெடுத்தான்.

"இப்ப மட்டும் ஜோக்கு அடிச்சே, உன்னை நானே தள்ளி விட்டுருவேன்" என்றார் பூட்டுக்காரர். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டுக் கேளு. நீ விழுந்திருந்தா நான் உங்கக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? நான் நடக்குறது, சாப்பிடுறது, உன்னைத் திட்டுறது எல்லாமே நீ குடுத்தது. நன்றிடா. ஒரு வருஷமா சொல்லணும்னு தவிக்கிறேன். நன்றி."

பன்னு தரையைப் பார்த்தான். முட்டியில் ஒட்டியிருந்த சரளையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் போகிறான் என்று பார்த்தால், உதடு கோணிக்கொண்டது.

"நீங்க சொல்லிட்டா நானும் சொல்லணுமேன்னுதான் மாமா இத்தனை நாளா ஓடிக்கிட்டிருந்தேன்."

"நீ என்னத்தைச் சொல்லணும்?"

"எந்த வேலையைத் தொட்டாலும் பாதியில விட்டவன் நான். எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான்னு நெனச்சிக்கிட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு, நான் அந்தப் பக்கத்து ரூம்ல கெடக்கேன். நர்சம்மா வந்து, 'உன் கிட்னி அவருக்கு வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுப்பா'ன்னாங்க. போர்வையை இழுத்து மூடிக்கிட்டு அழுதேன். என்னால ஒரு காரியம் உருப்படியா ஆயிடுச்சேன்னு. அதுக்கப்புறம்தான் பேக்கரியிலயும் நிலைச்சு நின்னேன். ஆனா குடுத்தது நான்னாலும், அதை இன்னைக்கு வரைக்கும் ஓட வச்சது நீங்கதானே? பச்சத்தண்ணி தொடாம, உப்பைக் கொறச்சு, ஒரு வேளை மாத்திரை தவறாம... எனக்காகவே காப்பாத்துற மாதிரி காப்பாத்துறீங்க. நன்றி மாமா."

பூட்டுக்காரர் திகைத்துப் போனார். இப்படி ஒன்று தன் பக்கம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுப்பா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொன்னால் கேட்கிறவன் நெஞ்சு எப்படி இருக்கும் என்று அவரை விட யாருக்குத் தெரியும்? சொல்லவில்லை.

"சரி மாப்ளே. வாங்கிக்கிட்டேன்" என்றார்.

பன்னு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நானும் வாங்கிக்கிட்டேன் மாமா."