பீரோ முகம்

கண்ணாடி என்று அவனுக்குப் பெயர் வைத்தது கிடங்கில் மூட்டை தூக்கும் ஆட்கள்தான். கண்ணாடிச் சாமான் வரும் பெட்டிகளின்மேல் ஒரு கோப்பைப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் எப்பேர்ப்பட்ட முரடனும் பெட்டியைப் பூப்போல இறக்கி வைப்பான். இடுப்பு போன பிறகு இவனையும் அப்படித்தான் இறக்கி வைத்தார்கள். இனிமேல் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கல் மாதிரி இருந்த மனுஷன், தும்மல் வந்தால் முதலில் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு அப்புறம் தும்முகிற நிலைமைக்கு வந்தான்.

அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்தது போன் பார்க்கிற வேலை. புது ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வருமுன் அதை நாலு விதமான ஆட்களிடம் கொடுத்து, உங்கள் பாட்டுக்கு வைத்துப் புழங்குங்கள், எங்கே தகராறு செய்கிறதென்று வந்து சொல்லுங்கள் என்று கேட்கிற அலுவலகம் அது. படித்த பிள்ளைகள் கையில் எல்லாப் போனும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. காய்ப்பு ஏறிய விரலும், வேர்வையில் ஊறும் சட்டைப்பையும் வேண்டும் என்று தேடினார்கள். இவன் அகப்பட்டான். நாமெல்லாம் போனை நோண்டினால் வீட்டில் திட்டு விழுகிறது, இவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கிடங்கே வயிறெரிந்தது.

வேலை சுகம்தான். ஆனால் அங்கே மேடம் என்று ஒருத்தி இருந்தாள். சின்ன வயசு, சிரிக்கத் தெரியாத வாய். ‘சில நேரம்’ என்ற வார்த்தை அவளுக்கு ஆகவே ஆகாது. எந்தக் குறையைச் சொன்னாலும் அவள் கண்முன்னால் மூன்று தரம் நடத்திக் காட்ட வேண்டும். காட்டினால்தான் குறை; இல்லாவிட்டால் அது உன் மனப்பிராந்தி.

“போன் சூடாகுது மேடம்” என்றான் முதல் வாரம்.

“எவ்வளவு சூடு?”

“டீ கிளாஸ் அளவு.”

“எந்த டீ? இப்ப வாங்கினதா, பேசிக்கிட்டே ஆற விட்டதா?”

அந்தக் குறை அங்கேயே செத்தது.

அதற்குப் பிறகு அவன் போனைப் படுத்தாத பாடு இல்லை. சோப்பு நுரைக் கையால் தடவினான், தடவியபடி கேட்டது. சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டுக் குலுக்கினான். ஒரு கீறல் இல்லை. வெயிலில் வைத்தான், தலையணைக்கடியில் வைத்தான். போன் பரம சாதுவாக இருந்து அவன் வயிற்றில் அடித்தது. கேமரா மட்டும் அவன் கன்னக்குழிகளை அடைத்து, வெள்ளையடித்த சுவர்போலப் படம் காட்டியது. அதைக் குறையாகச் சொல்லலாம் என்றால் மனைவி விடவில்லை. கல்யாணத்தன்றுகூட நீங்கள் இப்படி இருந்ததில்லை, அதைமட்டும் கெடுத்துவிடாதீர்கள் என்றாள்.

ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. முகத்தைக் காட்டினால் பூட்டுத் திறக்கிற வசதி அந்தப் போனில் உண்டு. டீக்கடையில் நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் திறக்காது; பஸ்ஸில் இடிபட்டு வரும்போது எடுத்தால் டக்கென்று திறக்கும். சில நேரம் திறக்கவில்லை என்று மேடத்திடம் போய்ச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்கு அவனைச் சோதித்துப் பார்க்கிற மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு குறையாவது நிற்கிற மாதிரி கொண்டுவந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். வேறு ஆள் வந்தால் கண்ணாடிக்கு வேறு போக்கிடம் கிடையாது. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி மூட்டைக்கடியில் போய்க் குனிய வேண்டியதுதான். குனிந்தால் நிமிர்வானா என்பதை டாக்டரே சொல்லவில்லை.

இந்த இடுப்பைக் கெடுத்தவன் அவனுடைய சகலை, மனைவியின் அக்காள் புருஷன். ஒரே கிடங்கில் ஒன்றாக மூட்டை சுமந்தவர்கள். வீடு மாறிய அன்று கண்ணாடியின் இரும்பு பீரோவை இருவருமாக மாடிக்கு ஏற்றினார்கள். சகலை மேலே, கண்ணாடி கீழே. பாதிப் படியில் சகலையின் சட்டைப்பையில் போன் அடித்தது. மகராசன், பீரோவை முட்டியில் முட்டுக் கொடுத்துவிட்டு ஒரு கையை எடுத்துப் போனைக் காதில் வைத்தான். வைத்தவன் புருவத்தை இறக்கி, தாடையை இறுக்கிக்கொண்டு கீழே பார்த்தான். பீரோ முட்டியைவிட்டு நழுவி வந்தது. மொத்தப் பாரத்தையும் கண்ணாடி இடுப்பில் வாங்கினான். பீரோவுக்கு ஒரு நசுங்கல்கூட இல்லை.

யார் போனில் என்று கேட்டதற்கு ராங் நம்பர் என்றான் சகலை. அதோடு விடாமல், கீழே நிற்கிறவன் படியில் கட்டை வைத்திருக்க வேண்டும் என்று நியாயம் வேறு பேசினான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அக்காளும் தங்கையும் மட்டும் வழக்கம்போலத் தினமும் பேசிக்கொண்டார்கள். வலி எடுக்கும்போதெல்லாம் கண்ணாடி அந்த ராங் நம்பரைக் கூப்பிட்டு வைவான். அந்த நேரத்தில் போன் பண்ணின கை விளங்காமல் போக என்று ஆரம்பித்தால், அடுப்பில் பால் பொங்குகிறது என்று மனைவி எழுந்து போய்விடுவாள். அவர்கள் வீட்டில் அடிக்கடி பால் பொங்கியது.

புதுப்போன் கைக்கு வந்த அன்றும் சகலை சும்மா இருக்கவில்லை. இவன் கிடங்கு வழியாக வரும்போது லாரிமேல் நின்றுகொண்டு, பாரம் தூக்க முடியாதவன் போன் தூக்கப் போகிறான், இரண்டு பேராகப் பிடியுங்கள் என்று ஊர் கேட்கச் சொன்னான். கண்ணாடி தீயாய் எரிகிற முகத்தோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்து, அது கேட்டபடி முகத்தைக் காட்டிப் பதிந்தான்.

மாதம் முடிய இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை தன் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, உட்காரச் சொல்லாத வீட்டில் வாசலோரமாக நின்றான். மேசைமேல் போன் கிடந்தது. மணி பார்க்கலாம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தான். போன் டக்கென்று திறந்து உள்ளே வா என்றது.

கண்ணாடி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முதலில் வந்தது கோபம். மூக்கும் முழியும் ஒட்டாத இந்த மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒன்றா? அடுத்த நொடி நெஞ்சு குதித்தது. அடுத்தவன் முகத்துக்குத் திறக்கிற போன்; இதைவிடப் பெரிய குறை என்ன வேண்டும்? அதற்கடுத்த நொடி நெஞ்சு இறங்கியது. மூன்று தரம், மேடம் கண்முன்னால். அப்படியென்றால் இந்த ஆள் வர வேண்டும்.

மனைவியிடம் சொன்னான். மனைவி அக்காளிடம் சொன்னாள். அக்காள் புருஷனிடம் சொன்னாள். பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது: மூஞ்சி என்னுடையது, வேண்டுமென்றால் அவனே வந்து கேட்கட்டும்.

ஒரு நாள் முழுக்க யோசித்தான். பெல்ட்டை எடுத்துக் கட்டிப் பார்த்தான். கழற்றி வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனான். அத்தனை பேரும் மூட்டையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“சகலை, உன் மூஞ்சி வேணும்” என்றான்.

சகலை தலைத்துண்டை அவிழ்த்து நிதானமாகக் கழுத்தைத் துடைத்தான். “பொண்ணு பாக்கப் போனப்பகூட என் மூஞ்சியை யாரும் கேக்கல. என்ன வேலைன்னுதான் கேட்டாங்க. மூஞ்சியைக் கேட்டு வந்த முதல் ஆளு நீதான்” என்றான். “எத்தனை மணிக்கு வரணும்?”

கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. அவனும் யாராவது முதலில் பேசட்டும் என்று காத்துக் கிடந்தவன்போல இருந்தது.

மறுநாள் சகலை வந்து நின்ற கோலத்தில் கண்ணாடிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. சவரம் செய்து, பவுடர் போட்டு, விசேஷத்துக்கு உடுத்தும் சட்டையைப் போட்டிருந்தான். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மழை, கிடங்கில் புதிதாக வந்த மேஸ்திரி, மச்சினிச்சி சமையல் என்று பேச்சு வளர்ந்து, இறங்கும்போது இருவரும் தோளில் தட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

மேடம் சாப்பாட்டு நேரத்துக்குள் இந்த மாதக் குறைகளை அனுப்பியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனைச் சகலையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சகலை போட்டோவுக்குப் போலப் பல்லைக் காட்டினான். போன் திறக்கவில்லை. பக்கவாட்டில் காட்டினான், தாடையை உயர்த்தினான். ம்ஹும்.

“சரி, உங்களுக்காவது திறக்குதா பாப்போம்” என்று கண்ணாடிக்கு நீட்டினாள். அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு பார்த்தான். அவனுக்கும் திறக்கவில்லை.

“ரெண்டு பேரையும் தெரியாதுங்குது” என்று மேடம் போனை மேசைமேல் வைத்தாள். “அடுத்த மாசம் வேற ஆளு வராரு.”

கண்ணாடியின் சிரிப்பு விழுந்தது. புருவம் இறங்கியது. மேசையில் கிடந்த போனை எடுக்கக் குனிந்தான். டக்.

அப்போதுதான் அவனுக்கு மண்டையில் உறைத்தது. டீக்கடை, பஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் முகம் பதிந்த அந்தச் சாயங்காலம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. போனுக்கு அவனைத் தெரியாது. பாரத்துக்கடியில் நிற்கிறவன் முகத்தைத்தான் தெரியும். அது சகலைக்கும் உண்டு.

“சகலை, கொஞ்சம் கோவப்படு.”

“யாரு மேல?”

“என் மேலதான்.”

“இப்பத்தானேய்யா சமாதானமானோம்.”

இருந்தாலும் சகலை முயன்றான். கண்ணை உருட்டினான், மூக்கை விடைத்தான், நாடகத்து அரக்கன்போல உறுமினான். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். போன் மட்டும் கண்டுகொள்ளவில்லை. நடிப்பென்று அதற்கே தெரிகிறது என்றாள் மேடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

கண்ணாடிக்கு வேர்த்தது. நின்று நின்று இடுப்பு வேறு கொதித்தது. சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு.

“இடுப்பு எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது வந்து கேட்டியா நீ?”

சகலையின் முகத்திலிருந்து பவுடரைத் தவிர எல்லாம் இறங்கியது. புருவம் கீழே வந்தது, தாடை இறுகியது. மாடிப்படியில் பார்த்த அதே பீரோ முகம். மேடம் போனை நீட்டினாள். டக்.

“ஒண்ணு” என்றாள்.

“கேக்கலதான்” என்றான் சகலை. “கேட்டா நீ அந்தப் போன் பேச்சை எடுப்பே. எடுத்தா நான் சொல்லணும். சொன்னா உன் வீட்டுல அடுப்பு எரியாது. அதான் வாயை மூடிக்கிட்டு, எல்லார்கிட்டயும் நான்தான் கெட்டவன்னு பேர் வாங்கிட்டுத் திரியறேன்.”

டக். “ரெண்டு” என்றாள் மேடம்.

“என்ன சொல்லணும்?”

“கூப்பிட்டது உன் பொண்டாட்டிய்யா. கீழ வண்டிக்கிட்ட நின்னுக்கிட்டு, ‘மாமா, பாத்துத் தூக்குங்க, அவருக்கு காலையிலேருந்தே இடுப்பு ஒரு மாதிரி இருக்காம்’னு.”

கண்ணாடியின் கண்முன்னால் பால் பொங்கியது. அடுத்த நாள் பொங்கியதும் பொங்கியது. தீபோல எரிந்த இடுப்போடு தான் சபித்த ஒவ்வொரு முறையும் பொங்கிய அத்தனை பாலும் வரிசையாகப் பொங்கியது. மாடு வைத்திருக்கிற வீட்டில்கூட அவ்வளவு பால் பொங்கியிருக்காது. அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒரு கையால் மேசையையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதைப் பார்த்துச் சகலையும் தொடங்கினான்.

மேடம் இரண்டு முகங்களுக்கும் மாறி மாறிப் போனைக் காட்டினாள். திறக்கவில்லை. இன்னும் ஒன்று வேண்டும் என்றாள். மூட்டைக்கடியில் குனிவதை நினைத்துப் பார்த்தான் கண்ணாடி. குனிந்த இடத்தில் பால் பொங்கியது. சகலை செத்துப்போன பெரியப்பாவை நினைத்துப் பார்த்தான், அவரும் சிரித்தார். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது என்றாள் மேடம். வேலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. சிரிப்பு விடமாட்டேன் என்கிறது.

சகலையின் சட்டைப்பையில் போன் அடித்தது.

பழக்கதோஷம், இருந்தது இருந்தபடி விட்டுவிட்டு எடுத்துக் காதில் வைத்தான். மறுமுனைக் குரல் அறைக்கே கேட்டது. “மாமா, அவரால ரொம்ப நேரம் நிக்க முடியாது, உக்கார வைச்சீங்களா? சண்டை கிண்டை போடலையே? பாத்துப் பேசுங்க மாமா.”

சகலையின் புருவம் தானாக இறங்கியது. தாடை இறுகியது. மேடத்தின் கை நீண்டது.

டக்.

“மூணு” என்றாள். அப்போது அவள் உதட்டோரம் அசைந்ததைச் சிரிப்பென்று சகலை கடைசிவரை சாதித்தான், கண்ணாடி நம்பவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரலாம் என்றாள். அதுவரை இந்தப் போனும் உங்களிடமே இருக்கட்டும், அடுத்த போனில் மனுஷனைப்போல முகத்தை வைத்துப் பதியுங்கள் என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சகலை இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு முன்னால் போனான். கண்ணாடிச் சாமான் வருகிறது, இடிக்காதீர்கள் என்று சத்தம் போட்டு ஒரு இடம் பிடித்து உட்கார வைத்தான். கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு கேட்டான்: “இடுப்பு எப்படிய்யா இருக்கு?”

“வலிக்குது” என்றான் கண்ணாடி. சொல்லும்போதே கொஞ்சம் சுகமாக இருந்தது.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததில் போன் அவனுக்கு ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. வீட்டில் வேலை கிடைத்த சேதியைச் சொன்னதும் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா நல்லபடியாகப் பேசினாரா என்று கேட்டாள்.

“பேசினாரு. ஏன்டி, பீரோ தூக்கின அன்னைக்கு அவருக்கு யாரு போன் பண்ணினது?”

அவள் முந்தானையை உதறிச் செருகினாள். “இருங்க, அடுப்புல பால் வைச்சிருக்கேன்” என்று எழுந்து போனாள்.

கண்ணாடி அவள் போன திசையைப் பார்த்துவிட்டு மணி பார்க்கக் குனிந்தான். கையிலிருந்த போன் டக்கென்று திறந்தது.