செபாஸ்டின் வண்டியை நிறுத்திய இடம்

செபாஸ்டினின் வெள்ளைக் கார் பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்குவதை முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இந்தச் சிவபாக்கியம் எது சொன்னாலும் அதில் விஷமம் இருக்கும் என்று எங்கள் தெருவே முடிவு கட்டியிருந்த நேரம் அது.

தெரு என்றால் கோடைக்கானல் மலையில் பேத்துப்பாறைக்கு மேலே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏழெட்டு வீடுகள். எல்லாருக்கும் தண்ணீர் கறுப்பு ஓஸ் குழாயில்தான். சோலையோரம் ஓர் ஊற்றுக்குழி இருக்கிறது. அத்தனை வீட்டு ஓஸும் அதில்தான் வாய் வைத்துக் கிடக்கும். குழிக்கு மேலே கோரை மண்டிய சதுப்பு, செபாஸ்டினின் பட்டா நிலம். மாடு இறங்கினால் வயிறுவரை புதையும். தவளைச் சத்தத்தைத் தவிர அங்கே எதுவும் விளைந்து நான் பார்த்ததில்லை.

செபாஸ்டின் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். முன்னறை இரண்டையும் டூரிஸ்ட்டுகளுக்கு விட்டு, வாசலில் 'ஹோம்ஸ்டே' என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. சமைப்பது, துவைப்பது, பாத்ரூம் கழுவுவது எல்லாம் மனைவி ஹெப்சிபா. கைகுலுக்குவது மட்டும் இவர். இந்தக் கோடையில் சதுப்பில் லாரி லாரியாக மண் கொட்டி, மேலே புல்லும் பதித்துவிட்டு, அங்கே ஐந்து கண்ணாடி காட்டேஜ் கட்டப்போவதாகச் சொன்னார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் ஓஸில் தண்ணீர் நூலாகிப்போனது. இந்த மலையில் தண்ணீர் குறைந்தால் யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டைத்தான் பார்ப்போம்.

"என் ஓஸுல குச்சியச் சொருகுனது நீதானடி?" என்று அடுத்த வீட்டு ஜோதிமணியை நேராகவே கேட்டேன்.

"உங்க நாக்கச் சொருகி வச்சிருந்தா ஊருக்கே நல்லது, மதினி" என்றாள் அவள்.

சமாதானம் செய்துவைத்தவர் யார் என்கிறீர்கள்? செபாஸ்டின். ஒரே தெருவில் இருந்துகொண்டு தண்ணீருக்குச் சண்டை போடலாமா என்று இரண்டு பேருக்கும் புத்தி சொல்லி, காலையில் அவள், மாலையில் நான் என்று முறை வைத்துக் கொடுத்தார். என்ன பெருந்தன்மை என்று உருகிப்போய், அவருக்கு ஒரு டப்பா முறுக்கு வேறு கொடுத்தனுப்பினேன்.

அப்புறம்தான் வந்தது வினை. சதுப்பை மூடுகிறார்கள் என்று யாரோ மேலிடத்துக்கு மனு போட்டுவிட்டார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். ஈரநிலம்தான் என்று உறுதியானால் கொட்டிய மண்ணையெல்லாம் அள்ள வேண்டும், அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. யார் போட்டிருப்பார்கள் என்று யோசித்த தெரு, ஒரே மூச்சில் என் வீட்டு வாசலைப் பார்த்தது.

நான் பேசுவேன், ஒத்துக்கொள்கிறேன். எழுதிப் போடுகிற சோலி எனக்கெதற்கு? யாரும் நம்பவில்லை. நான் போனால் கடையில் பேச்சு நின்றது. ஜோதிமணியின் மகளைப் பெண் பார்க்க வந்துபோன சங்கதியே, வந்தவர்கள் ஆயக்குடிக்குத் திரும்பி, வேறு பெண்ணையும் முடித்த பிறகுதான் என் காதுக்கு வந்தது. இப்படியும் ஒரு வாழ்க்கையா?

ஆய்வுக்கு வருவாய் ஆய்வாளர் லாவண்யா வந்தார், கூட ஒரு சர்வேயர். முந்தின நாள் நல்ல மழை. தயிருக்கு உறை மோர் கேட்கிற சாக்கில் நான் ஹெப்சிபா வீட்டு வாசலில் நின்றேன். எல்லாரும் ஏதோ ஒரு சாக்கில் நின்றார்கள்.

"இத எவன் மேடம் சதுப்புன்னு சொன்னது? கெட்டித் தரைங்க" என்றார் செபாஸ்டின். என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "எழுதிப் போட்டவங்களும் நல்லாப் பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். எங்கள் கண்ணெதிரே புல்தரையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, வண்டியின் கூரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"சேறா இருந்தா இம்புட்டுப் பெரிய வண்டி நிக்குமாங்க? வாங்க, டீயக் குடிச்சிக்கிட்டே பேசுவோம்."

ஹெப்சிபா டீ கொண்டுவந்தாள். செபாஸ்டின் காருக்கு முதுகு காட்டி நின்று காட்டேஜுகளைக் கையால் காற்றில் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பின்சக்கரம் கண்ணில் பட்டது. முதலில் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். புல் பாயைப் போல மடிந்தது. சக்கரத்தைச் சுற்றிக் கொப்பளித்துத் தண்ணீர் வந்தது. நம்பர் பிளேட்டின் கீழ்வரி போனது, பிறகு மேல்வரி. ஒரு தவளை வெளியே வந்து டிக்கியின்மேல் உட்கார்ந்தது.

லாவண்யா டம்ளரைக் கீழே வைத்தார். "சார், உங்க வண்டி கொஞ்சம் குட்டையாயிடுச்சு."

செபாஸ்டின் ஓடினார். புல்லில் நாலாவது எட்டில் அவரே முழங்கால்வரை இறங்கிவிட்டார்.

"அண்ணே, ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?" என்றாள் ஜோதிமணி. அவள் கேலி செய்யவில்லை. அதிர்ச்சியில் அவளுக்கு அப்படித்தான் ஏதாவது வரும்.

லாவண்யா எங்கள் ஓஸ்களைக் கண்ணால் தொடர்ந்துபோய் ஊற்றுக்குழியில் நிறுத்தினார். "இந்தச் சதுப்பு மழைத் தண்ணியக் குடிச்சு வச்சிருந்து மெதுவா அந்தக் குழிக்கு விடும். மேல மண்ணக் கொட்டி அமுக்கிட்டு, கீழ தண்ணி இல்லைன்னு சொன்னா எப்படி வரும்?"

நானும் ஜோதிமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை சாபம் விட்டிருப்போம். அந்த முறுக்கை நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

"மனு கொடுத்தவங்க இருந்தா ஒரு கையெழுத்து வேணும்" என்றார் லாவண்யா. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

ஹெப்சிபா டீத்தட்டைத் திண்டில் வைத்தாள். "நாந்தாங்க."

சேற்றிலிருந்து செபாஸ்டின் திரும்பிப் பார்த்தார். "நீயா?"

"ரெண்டு ரூமுக்கே தண்ணி பத்தாம நான் கொடத்துல சொமக்கேன். அஞ்சு காட்டேஜுல வந்து தங்குறவங்க குளிக்க மாட்டாங்களா? வீட்டுக்குள்ள சொன்னேன், நீங்க கேக்கல." பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, உங்கள எல்லாரும் பேசுறப்ப வாயத் தொறக்க எனக்குத் தெம்பு வரல. மன்னிச்சிருங்க."

மன்னிப்பதா? அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே கடுகு வெடித்தால் இங்கே தும்முவேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மனு எழுதி, கோடைக்கானல் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. கார் மூழ்கிய அதிர்ச்சிகூட எனக்கு அதற்கு அடுத்ததுதான்.

சர்வேயர் புல்லின் ஓரத்தில் நின்றபடியே சிவப்புப் பெயின்ட் அடித்த எல்லைக்குச்சியை வைத்து அழுத்தினார். இரண்டாவது அழுத்தம் தேவைப்படவில்லை. குச்சி தானாக உள்ளே போனது.

ஹெப்சிபா ஒரு பலகையை எடுத்துவந்து சேற்றின்மேல் போட்டு, அதில் ஏறி நின்று கையை நீட்டினாள். செபாஸ்டின் காரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை. இன்னும் ஓர் அங்குலம் இறங்கினார்.

அப்புறம் பிடித்துக்கொண்டார்.