நீச்சல் வகுப்பு பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது

1

இது கதையாகப் பிறந்ததல்ல. குழந்தை வளர்ப்பு இதழ் ஒன்றில் மாதாமாதம் நான் எழுதும் பத்திக்காக, ‘பிள்ளைகளை எப்போது நீச்சலில் சேர்க்கலாம்?’ என்று ஒரு கட்டுரையாகத்தான் ஆரம்பித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தச் சுரைக்காயை நம்பித்தான்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

நான்கு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் முறையான பயிற்சிக்குத் தயாராகிவிடுகிறார்கள். அதற்கு முன்பு என்றால், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பேசி —

[இந்த இடத்தில் எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். ஒரு ஆளுக்குத் தேநீர் போடுவது பெரிய எரிச்சல். பால் எப்போதும் மிஞ்சுகிறது.]

2

இரண்டாவது தொடக்கம்: ‘ஒருவன் வியாழக்கிழமைகளுக்காகவே உயிர் வாழ்ந்தான்.’

அடித்துவிட்டேன். நாடகத்தனம். ஆனால் பொய் என்று சொல்ல மாட்டேன்.

விஷயம் இதுதான். என் மனைவியும் நானும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எங்கள் மகள், வாண்டு, அவளுடன் இருக்கிறாள். சனிக்கிழமை மட்டும் எனக்கு. மனைவியின் தம்பிதான் வாண்டைக் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் கூட்டிப் போவான். ஆகவே நாங்கள் முகத்தோடு முகம் பார்ப்பதில்லை.

அவள் குடியிருக்கும் வளாகத்தில் ஒரு நீச்சல் குளம் உண்டு. ஒருநாள் வாண்டு தன் செருப்பை உதைத்து விளையாடி, அது உருண்ட திசையில் ஓடி, குளத்தின் விளிம்பில் போய் நின்றிருக்கிறாள். அன்றைக்குத்தான் பிரிந்தபின் முதல்முறையாக மனைவி எனக்குப் போன் செய்தாள்.

“நீச்சல்ல சேத்துடலாம்னு பாக்கறேன். உங்களையும் ஒரு வார்த்த கேக்கணும்ல.”*

அப்போது நான் “சரி, சேத்துடு” என்று சொல்லியிருந்தால், பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். நான் சொன்னது: “கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்றேன். அடுத்த வாரம் கூப்பிடறியா?”

கூப்பிட்டாள். அடுத்த வியாழனும், அதற்கடுத்த வியாழனும், சாப்பாட்டு இடைவேளையில்.

* முன்பெல்லாம் ‘நீ, வா, போ’தான். பிரிந்தபின் மரியாதை கூடியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான்.

3

கட்டுரைக்காகத் திரட்டியதெல்லாம் இங்கே கைகொடுத்தது. வாரத்துக்கு ஒரு சந்தேகமாக எடுத்துவிட்டேன். காதில் தண்ணீர் போனால் என்ன செய்வது? தனியாகப் பயிற்சியா, நாலு பிள்ளைகளோடா? கையில் மாட்டும் காற்றுப் பட்டை நல்லதா, கெட்டதா?

“அதப் போட்டா தைரியம் வரும்,” என்றேன்.

“வரும். கழட்டினதும் போயிடும். தனக்கே மிதக்கத் தெரியும்னு நெனச்சு அது பாட்டுக்கு எறங்கிடும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“விசாரிச்சேன்.” பின்னால் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. “நீங்க மட்டும்தான் விசாரிப்பீங்களா?”

பட்டையைப் பற்றி இடைவேளை முழுக்கச் சண்டை போட்டோம். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? போனை வைத்ததும்தான் உறுத்தும். குழந்தை உயிரை வைத்தா பேச்சுத்துணை தேடுகிறாய் என்று என்னையே ஏசிக்கொள்வேன். இனி இழுக்கக் கூடாது, இந்த வியாழன் சரியென்று சொல்லிவிடவேண்டும் என்று முடிவெடுத்த வாரத்தில்தான் —

4

— வாண்டின் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். போன சனிக்கிழமை. தலைக்கு ஊற்றினாலே கத்தி ஊரைக் கூட்டுகிற பிள்ளை, அன்று வாயைத் திறக்கவில்லை. கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு வாளிக்குள் முகத்தை விட்டாள். குபுகுபுவென்று குமிழிகள் வந்தன.

“யாருடி சொல்லிக் குடுத்தா?”

“கோச் மாமா. மூக்கால விடணும்ப்பா. உனக்குத் தெரியாதா? நான் மல்லாக்கக்கூட மெதப்பேனே.”

“எப்பலேருந்து போற?”

“செருப்பு ஓடிச்சுல்ல, அப்பலேருந்து. அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து கையாட்டுவா.”

“அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னாளா?”

வாண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இல்லையே. நீ கேக்கவே இல்லையே.”

நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை தப்பித்தாள் என்ற நிம்மதியில் முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: சேர்த்துவிட்டாள் என்றால், வாராவாரம் என்னிடம் எதற்குக் கேட்கிறாள்?

5

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. மனைவி பாத்திரம்.

முதல் பிரதியில் அவளும் என்னைப்போலத் தனியாகக் கிடந்து தவிப்பவளாக, என் குரலைக் கேட்கவே சாக்குத் தேடுபவளாக எழுதியிருந்தேன். நான்கு பக்கம் ஓடியது. மறுநாள் படித்தபோது வெட்கமாகிவிட்டது. ஆசை வெட்கமறியாது; எழுதினபிறகாவது அறிய வேண்டாமா? அவள் என்மேல் இரக்கப்பட்டிருக்கலாம். அப்பனையும் கேட்டதாக இருக்கட்டும் என்று பேருக்குக் கேட்டிருக்கலாம். என்னோடு மல்லுக்கட்ட முடியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கலாம்.

சில முடிவுகள்:

அ) “எனக்குத் தெரியும்” என்கிறேன். அவள் “அப்ப சரி, பேச ஒண்ணுமில்லல்ல” என்று வைத்துவிடுகிறாள். அடுத்த வியாழன் போன் வரவில்லை. அதற்கடுத்ததும்.

ஆ) “எனக்குத் தெரியும்” என்கிறேன். அவள் அழுகிறாள். “நீச்சல் இல்லாம வேற எதப் பேசறதுன்னு தெரியலடா” என்கிறாள். [இதை அவள் சொல்லவில்லை. நான் எழுதினேன். மூன்றுமுறை அடித்தும் திரும்பத் திரும்ப எழுதினேன்.]

இ) ஒன்றும் தெரியாததுபோல, நீச்சல் கண்ணாடி பற்றி ஒரு சந்தேகம் கேட்கிறேன். அவளும் ஒன்றும் தெரியாததுபோலப் பதில் சொல்கிறாள். வாண்டு வளர்ந்து பெரியவளாகி, வேறு ஊருக்கு வேலைக்குப் போனபிறகும் நாங்கள் அவளை நீச்சலில் சேர்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

6

கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டேன். ‘யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள், பிள்ளை தயாரென்றால் சேர்த்துவிடுங்கள்’ என்று முடித்திருக்கிறேன். ஊருக்கு உபதேசம்.

இன்று வியாழன். இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்துவிட்டேன்.

“சாப்பிட்டாச்சா?” என்றாள். நான் ‘ம்’ என்றேன், சாப்பிடவில்லை. அவள் பக்கம் இயந்திரச் சத்தம் இல்லை. வெளியே எங்கோ தள்ளி வந்து நிற்கிறாள் போலிருக்கிறது.

“அப்புறம், நீச்சல் விஷயம்,” என்கிறாள். “என்ன யோசிச்சீங்க?”

போனைக் கையால் பொத்திக்கொண்டு உங்களிடம் கேட்கிறேன். அவளை நீங்கள் என் எழுத்தில் மட்டும்தான் அறிவீர்கள். அதையும் நம்பாதீர்கள் என்று நானே சொல்லிவிட்டேன். இருந்தாலும் இந்த வீட்டில் இப்போது என்னைத் தவிர இருப்பது நீங்கள் ஒருவர்தான். நான் என்ன சொல்லட்டும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்கு இடைவேளை முடியப்போகிறது.