எண்ணெய் போடாத சக்கரம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மழை பிடித்துக்கொண்டால் கங்காவின் காது இன்றும் தானாகத் தெருமுனைக்குப் போய்விடும். ஒரு கைவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு வராதா என்று. வராது என்பது அவளுக்குத் தெரியும். காதுக்குத்தான் தெரியவில்லை.

அந்த வண்டி அழகருடையது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, இஞ்சிக் கிடங்குகளுக்கு நடுவே வாடகைப் பாத்திரக் கடை போட்டவர். அண்டா, பெஞ்சு, நாற்காலி, நீலத் தார்ப்பாய் எல்லாம் அங்கே கிடைக்கும். கல்யாணச் சாமான்கள் டெம்போவில் போகும், வாடகையிலும் கறார். சாவு வீடு என்றால் வாடகையும் கிடையாது, அவரைக் கூப்பிடவும் வேண்டாம். எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல், சேதி காதில் விழுந்ததும் தார்ப்பாயையும் பெஞ்சுகளையும் கைவண்டியில் ஏற்றி அவரே தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். சக்கரம் கிறீச்சிட்டால் சனங்கள் வாசலுக்கு வந்து "ஆரு?" என்பார்கள். அவர் வாய் திறக்காமல், தாடையால் அந்த வீட்டுப் பக்கம் காட்டிவிட்டுப் போவார்.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட கங்கா அந்தக் கடையில்தான் பாத்திரம் துலக்கினாள். நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு எழாது. "சக்கரத்துக்கு எண்ணெ போடக் கூடாதாண்ணே? பல்லு கூசுது" என்று ஒருமுறை அவரிடம் கேட்டதே பெரிய காரியம்.

"போட்டா நான்ல வாயத் தொறந்து சொல்லணும்? உனக்கும் எனக்கும் அது வராதே, தாயீ!" என்று சிரித்தார்.

அவளுடைய கூச்சத்தைக் குறையாக்காமல் தன்னோடு சேர்த்துப் பேசிய ஆள் அவர் ஒருவர்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் அழகர் தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் வாசல் நிறையக் கூட்டம். மழையோ கொட்டுகிறது. எல்லோரும் நனைந்துகொண்டே நின்றார்கள். சாயாக்கடை ரமேஷ்பாபு தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தான்.

"என்ன சேட்டா, தார்ப்பாய இன்னும் காணலியே?"

"வரும்டே. அவரு என்னைக்காவது லேட்டாக்கியிருக்காரா?" என்றார் பக்கத்தில் நின்ற அய்யாசாமி. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்னும் சற்று நேரத்தில் குளிப்பாட்டுவதற்கு அவரை முற்றத்துக்குத் தூக்கி வருவார்கள். ஊருக்கெல்லாம் கூரை கொண்டுபோனவர் இந்த மழையில் கிடப்பதா? கங்கா உள்ளே போய் அவர் மனைவி பாக்கியலக்ஷ்மியின் காதருகே குனிந்து, "அக்கா, சாவி" என்றாள். அந்த அம்மாள் கணவரின் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

கடையைத் திறந்து தார்ப்பாயை வண்டியில் ஏற்றுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. தள்ளினாள். சக்கரம் கிறீச்சிட்டது. பின்சந்தில் சேதி தெரியாத வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஆரு, அழகரண்ணா?" என்று முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்த ஷபானா இத்தா வண்டிக்குப் பின்னால் கங்காவைக் கண்டு திகைத்தாள். "நீயா? அண்ணன் எங்கே? ஆரு மரிச்சது?"

கங்கா தாடையால் காட்டிப் பார்த்தாள்.

"எங்கேடி? அது அண்ணன் வீட்டுப் பக்கமாச்சே?"

"அண்ணனுக்குத்தான், இத்தா" என்றாள் கங்கா. "அண்ணனுக்குத்தான் கொண்டுபோறேன்."

அடுத்த வாசலிலும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாசலிலும். மழைக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்தியே சொன்னாள். எந்த இடத்திலிருந்து எத்தனை கைகள் வண்டியில் சேர்ந்தன என்று அவள் பார்க்கவில்லை. வண்டி திடீரென்று லேசாகிவிட்டது. தார்ப்பாயைக் கட்டினார்கள். அவரை வெளியே கொண்டுவந்தபோது நீலக் கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

பாக்கியலக்ஷ்மி மதுரைக்கே போய்விட்டாள். இப்போது யாராவது இறந்தால் போன் செய்கிறார்கள். தோப்பும்படிக் கடைகளிலிருந்து நாற்காலிகள் ஆட்டோவில் வந்து இறங்குகின்றன. அடுத்த வீட்டுச் சாவுகூட மறுநாள்தான் தெரிகிறது. அழகரின் கடை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கும் கடை. அதன் வாசலில் அதே கைவண்டி, மேலே பித்தளை விளக்குகள் அடுக்கியபடி.

ஒருநாள் கடைக்காரன் உள்ளே திரும்பிய நேரம் பார்த்து, கங்கா வண்டியைப் பிடித்து மெல்லத் தள்ளினாள். விளக்குகள் ஒன்றோடொன்று உரசின. சக்கரம் சத்தமே இல்லாமல் உருண்டது.

யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள்.