கெட்ட புரதம்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஆட்டோ சீட் தைத்துக்கொண்டிருந்த மெஹபூப் பாஷாவுக்கு, ஜர்தா புகையிலை வைத்த பீடா போடாமல் ஊசியில் நூல் ஏறாது. தொண்ணூற்றாறில் வலது கன்னத்துக்குள் வந்த புண் ஆறவே இல்லை. தி.நகரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லிப் பாதிக் கன்னத்தை அறுத்தெடுத்தார்கள்.

"இனி ஆறு வாரம் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வச்சுட்டா நல்ல சான்ஸ் இருக்கு" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர் ராஜரத்தினம். பாஷாவின் மனைவி கமர் ஜஹான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, புருஷனைத் தினமும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள்.

இரண்டாவது வாரம், கரண்ட் அறை வாசலில், மாடியில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் கஸ்தூரிரங்கன் அவர்களை நிறுத்தினார். சின்ன வயது. முகமெல்லாம் உற்சாகம்.

"பாய், உங்ககிட்ட அறுத்தெடுத்த கட்டியில ஒரு புரதத்தைத் தேடிப் பார்த்தோம். பி53னு பேரு. சாயம் போட்டா அது இருக்கற இடம் பழுப்பா மாறும். உங்களுது மொத்தமும் பழுப்பு!"

பாஷாவால் வாயைச் சரியாகத் திறக்க முடியாது. "பழுப்பா இருந்தா இன்னா?" என்று குழறினார்.

யாரிடம் பேசுகிறோம் என்று அப்போதுதான் உறைத்ததுபோல் கஸ்தூரிரங்கன் தயங்கினார். "அது அதிகமா இருக்கறவாளுக்கு... வியாதி சீக்கிரம் திரும்பி வர்றாப்ல தெரியறது. இன்னும் நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆராய்ச்சிதான்."

பின்பாதி பாஷாவின் காதில் ஏறவில்லை. மறுநாள் அவர் சட்டையே மாட்டவில்லை.

"கெளம்புங்க, பஸ்ஸு பூடும்."

"வரப்போறது வரும்னு லென்ஸ் வெச்சிப் பாத்துட்டான். அப்பால எதுக்கு வாயை வேற வேவ வெச்சிக்கினு கெடக்கணும்?"

கெஞ்சினாள், திட்டினாள், மகள் மெஹக்கை விட்டுக் கேட்கவைத்தாள். தனியாகப் போய் ராஜரத்தினத்திடம் அழுதாள். "அந்தப் பரிசோதனையை நம்பி நாங்களே எதையும் முடிவு பண்றதில்லம்மா. எப்படியாவது இழுத்துட்டு வாங்க" என்று அவர் கத்தினார். பாஷா அசையவில்லை. செத்தவனுக்கு என்ன பத்தியம் என்று பீடாவையும் மறுபடி தொடங்கிவிட்டார். மழைக்காலத்தில் கழுத்தில் கட்டி வந்தது. கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல், வெயில் காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

புருஷன் போனபின் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்து கமர் ஜஹான் வாசலுக்கு வந்த வாரத்தில் கஸ்தூரிரங்கன் வீடு தேடி வந்தார். சாயம் போட்டுப் பார்த்த நோயாளிகளில் யார் யார் எப்போது இறந்தார்கள் என்று விசாரிக்கிறாராம். வருத்தம் சொன்னார், வருத்தம் நிஜம்தான். பிறகு, எந்த மாசம் என்று கேட்டார்.

"நீங்க சொன்ன மாரியே ஆயிடுச்சில்ல?" என்றாள் அவள்.

"இதுவரைக்கும் சரியாத்தான் வந்துண்டிருக்கு."

"அவரு கரண்டைப் பாதியில வுட்டாரு. நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் வுட்டாரு. அதையும் எழுதுவீங்களா?"

அவர் முகம் வெளுத்தது. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாதியில விட்டவாளையெல்லாம் கழிச்சா, ஆராய்ச்சிக்கு ஆளே தேறாதும்மா."

"அப்ப உங்க கணக்குல எங்கூட்டுக்காரரு அந்தப் பழுப்பால செத்தாரு. அப்டித்தானே?"

கமர் ஜஹான் மாசத்தைச் சொல்லாமலே கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். அந்த ஒன்றையாவது கொடுக்காமல் வைத்துக்கொண்டோமே என்று இருந்தது.

சாயங்காலம் மெஹக் வந்து சொன்னாள்: "அம்மீ, அந்த டாக்டர் பள்ளிவாசல்ல போய் விசாரிச்சாராம். பாவா எந்த மாசம் மௌத்தானாருன்னு பாங்கு சொல்ற மோதினார் சொல்லிட்டாராம்."