லுவான் கித்தான் சட்டை போட்ட காலை

சீனத்துப் பாவோதிங் நகரத்துத் தண்ணீரைக் குடித்த வாயால் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக் லுவானுக்குத் தாய்ச்சி என்ற தற்காப்புக் கலையில் ஒரே ஒரு பயிற்சிதான் உயிர்: கைத்தள்ளல். இருவர் எதிரெதிரே நின்று முன்கையோடு முன்கையை ஒட்டவைத்துக்கொள்வார்கள். எதிராளியின் பலம் எங்கே கிளம்புகிறது என்று தோலாலேயே கேட்டு, வந்த வழியே அதைத் திருப்பி அனுப்புவார்கள். தனியாகச் செய்ய முடியாது. கூட்டாளியாக இருந்த பாங், மகள் வீட்டோடு இருக்கத் தெற்கே போய்விட்டார். மனைவி இறந்த பிறகு லுவானைத் தொடுகிற ஆள் முடிவெட்டுகிறவர் ஒருவர்தான். அவரும் தலையோடு சரி.

ஆகவே ஒரு காலையில் பூங்காவின் மேற்கு மூலைக்கு, மல்லர்களின் மணல்தரைக்குப் போனார்.

"கொஞ்சம் கை குடுத்துப் பழகலாமா தம்பி?"

நெற்குதிர் போலிருந்த தோங் என்ற மல்லன் சிரித்தான். "எலும்பு முறிஞ்சா எங்க மேல கேஸ் போடக் கூடாது பெரியவரே."

இரண்டு கையாலும் பிடித்தான். லுவானின் இடுப்பு ஒரு நூடுல்ஸ் அகலம் திரும்பியது. தோங் குளத்தைத் தாண்டிப் போய், கழுதைக்கறி ரொட்டிக் கடை வரிசையில் நின்றவாக்கில் இறங்கினான். தன் முறை வந்துவிட்டதால் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்து திரும்பினான். அடுத்த மல்லன் லுவானின் இடுப்பைக் கட்டிப்பிடித்தான். அவனை மரத்திலிருந்து இறக்கத் தீயணைப்பு வண்டி வந்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை, அன்று காற்று சாதகம்.

மூன்றாவதாக யாரும் வரவில்லை.

"விழறதுல ஒண்ணுமில்ல பெரியவரே," ரொட்டியை மென்றபடி தோங் சொன்னான். "உங்களப் புடிச்சா கையில எதுவுமே மாட்டலியே. அங்க ஆளே இல்லாத மாதிரி இருக்கு. பயமா இருக்கு."

பிடிபடாமல் இருக்கத்தான் லுவான் இத்தனை வருஷம் பழகியிருந்தார். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மல்லர்களின் கித்தான் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டி, கச்சையை இறுக்கிக்கொண்டார். பற்றித் தூக்குவதற்கென்றே தைத்த சட்டை அது.

தோங் கழுத்துப்பட்டியைப் பற்றினான். பலம் அவன் குதிகாலில் கிளம்புவது லுவானுக்குத் தெரிந்தது. இடுப்பு தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினார். தோங் அவரைத் தூக்கி, முட்டைக்கூடையை வைப்பதுபோல மணலில் வைத்தான்.

"வலிக்குதா?"

"இல்ல. விட்டுராத. கொஞ்ச நேரம் அப்படியே புடி."

"இது என்ன மல்யுத்தமா, கல்யாண வீடா?" என்றான் தோங். ஆனால் விடவில்லை. "நாளைக்கும் வாங்க. வெள்ளனவே வந்துருங்க, அந்தச் சட்டைக்கு இங்க அடிதடி."

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல்: லுவான் அந்தப் பேட்டைக்குக் குடிவருவதற்கு முன்பே மணல்தரையைச் சிமெண்டால் மூடி, கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் நான் செய்த சத்தியம் சத்தியம்தான்.