எட்டு மணி அளவு

எங்கள் கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவு என்றால் நான்தான். எனக்கு மேலே மேலாளர் ஒருவர் இருக்கிறார். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் படிவத்தைத் திருப்பி அனுப்புவார் என்பதால் அவருக்குக் காற்புள்ளி என்றே பெயர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி. நான் பூசாரிக்குப் பக்கத்தில் நின்று மணி அடிப்பவள். பத்தொன்பது வருஷமாக இரண்டாவது ஜன்னலில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறேன். முழங்கால் வலி வந்ததிலிருந்து தரைத்தளத்தை விட்டு மேலே போனதில்லை.

அன்று பருவத்தின் அறுபத்து மூன்றாம் நாள். பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்து விலகல் படிவத்தை நீட்டினாள். சிவந்த கண், மருந்துக்கடைச் சீருடை. படிப்பை விடுகிற பிள்ளைகள் வழக்கமாக அழுவார்கள், இல்லாவிட்டால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இவள் இரண்டும் செய்யவில்லை. கடைசியாக வகுப்புக்கு வந்த நாள் என்ற கட்டத்தில் முப்பத்து நான்காம் நாளின் தேதியை எழுதியிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. பருவம் நூறு நாள். அறுபது நாள் படித்து முடித்தவருக்கு அந்தப் பருவத்து உதவித்தொகை முழுதும் சொந்தம். அதற்கு முன்னால் போனால், படிக்காத நாட்களுக்கான பங்கைத் திருப்பிக் கட்டவேண்டும். கட்டுகிறவரை திரும்பி வந்து சேரவும் முடியாது. அதோடு, விலகிய ஆறாம் மாதம் கல்விக்கடன் தவணையும் தொடங்கிவிடும்.

"இதுல கையெழுத்து போட்டா எவ்வளவு திருப்பிக் கட்டணும்னு தெரியுமாம்மா?"

"தெரியும் மேடம். மூணுல ரெண்டு பங்கு."

"கையில இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அம்மாவுக்குக் கிட்னி. ராத்திரி ஆஸ்பத்திரி, பகல்ல மருந்துக்கடை. வகுப்புக்கு வர முடியல. பொய்யா எழுத முடியுமா மேடம்?"

முத்திரையை எடுத்தேன். என் வேலை குத்துவது, கேட்பது இல்லை. அன்று ஏனோ வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ ஒரு மாசமா காலேஜ் பக்கமே வரல?"

"வகுப்புக்கு வரல. மாடிக்கு மட்டும்தான் வந்தேன்."

"மாடிக்கா? காத்து வாங்கவா?"

"மழை அளவு எடுக்க மேடம். தினமும் எட்டு மணிக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து கடைக்குப் போற வழிதானே. பத்து நிமிஷ வேலை."

கணினியில் அவள் பாடப்பட்டியலைத் திறந்தேன். புவியியல் இரண்டாம் ஆண்டு. ஆறு பாடங்கள். ஆறாவது, களப்பதிவு, அதாவது இந்த மழை அளவு, இரண்டு கிரெடிட். பட்டியலில் அது ஒரு பாடம். ஒரு பாடத்துக்கு வந்தாலும் மாணவி வந்தவள்தான். எங்கள் விதிப்புத்தகத்தில் நான் மனப்பாடமாகச் சொல்லும் வரி அது. அவளோ பெஞ்சில் உட்கார்ந்தால்தான் படிப்பு என்று நினைத்து, தன் கழுத்தில் தானே கத்தி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"அந்த நோட்டை எடுத்துட்டு வா."

"நோட்டு கீழ வரக்கூடாது மேடம். அது அங்கேயேதான் இருக்கணும்."

நான்கு மாடி. லிஃப்ட் மூன்றாவதோடு சரி. முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

மொட்டை மாடியில் ஒரு பித்தளைப் புனல், கம்பி வேலி, வெள்ளையடித்த பெட்டிக்குள் தெர்மாமீட்டர். இவ்வளவுதானா என்று நினைத்தேன். பக்கத்து அறையின் கதவை அவள் திறந்தாள். தரையிலிருந்து கூரைவரை நோட்டுகள். வருஷத்துக்கு ஒன்று. தொண்ணூற்றொன்று.

நடுவிலிருந்து ஒன்றை உருவினேன். பழுப்பேறிய மை. ஊரே வெள்ளத்தில் மூழ்கிய வருஷம் அது. கல்லூரி இரண்டு மாதம் மூடியிருந்ததாம். ஆனால் ஒரு நாள்கூட விடுபடவில்லை. 'எட்டு மணி. படகில் வந்தேன்' என்று யாரோ ஒரு பையன் எழுதியிருந்தான். இன்னொரு நோட்டில் ஊரடங்கு நாட்கள். இன்னொன்றில், ஒரே பக்கத்தில் கையெழுத்து மாறி, ஓரத்தில் 'நேற்று வரை எழுதியவன் இன்று இல்லை' என்று இருந்தது. அந்த நாளுக்கும் மழை அளவு இருந்தது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நான் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வருஷமும் என் தலைக்கு மேலே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

இந்த வருஷ நோட்டில் அவள் கையெழுத்து. முப்பத்து ஐந்தாம் நாள் இருந்தது, முப்பத்து ஆறு இருந்தது, அன்று காலைவரை எல்லாம் இருந்தது. அறுபதைத் தாண்டிவிட்டாள், தொகை முழுதும் அவளுக்குத்தான்.

நோட்டை மூடினேன். எத்தனை விலகல் படிவங்களுக்கு நான் முத்திரை குத்தியிருப்பேன். அந்தப் பிள்ளைகளில் யார் யார் எந்தெந்த மாடிக்கு வந்துகொண்டிருந்தார்களோ? ஒருவரிடமும் கேட்டதில்லையே.

காற்புள்ளியை மேலே வரவழைப்பது தேரை நிலையிலிருந்து நகர்த்துவது மாதிரி. மூச்சிரைக்க வந்தவர், பக்கங்களைப் புரட்டினார்.

"யார் கையெழுத்து போட்டு சரிபார்த்தாங்க?"

"பருவக் கடைசியிலதான் சார் பேராசிரியை கையெழுத்து போடுவாங்க" என்றாள் அவள்.

"ஒரே பேனா, ஒரே எழுத்து. இருபத்தொம்பது நாளையும் ஒரே மூச்சுல உக்காந்து எழுதிடலாமே. இதை நான் எப்படிம்மா ஏத்துக்கறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் கேட்டதில் தப்பும் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சொல்றது சரிதான் சார். முப்பத்து நாலாம் நாளே இருக்கட்டும்" என்றாள்.

அவர் விரல் ஒரு வரியில் நின்றது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"நாற்பத்தேழாம் நாள். எட்டு மணிக்கு வரவில்லை. ஒன்பது நாற்பதுக்கு வந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்தது. இதை எட்டு மணி அளவாகக் கொள்ளவேண்டாம்." நிமிர்ந்தார். "என்ன இது?"

"அன்னிக்கு அம்மாவுக்கு ஆபரேஷன் சார். எட்டு மணிக்குத்தான் உள்ள கொண்டுபோய்க் கதவை மூடினாங்க. என் கையைப் பிடிச்சிட்டிருந்தாங்க. விட முடியல."

"எட்டு மணின்னே எழுதியிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?"

"அது எட்டு மணி அளவு இல்லையே சார்."

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். அந்த அறையில் தொண்ணூற்றொரு வருஷமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது மாதிரி எனக்கு இருந்தது.

"பொய் எழுதறவன் எதுக்கும்மா லேட்டா வந்தேன்னு எழுதப்போறான்?" என்றார் கடைசியில். விலகல் படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். ஒரு காகிதத்தை அவர் கிழித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

யாரும் கேட்காததால் என் கீழ் டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த விடுப்புப் படிவத்தை எடுத்தேன். நூற்றெண்பது நாள் விடுப்பு. அதுவரை கல்விக்கடன் கொடுத்தவர்கள் கணக்கில் அவள் மாணவிதான். திரும்பி வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வராவிட்டால் விடுப்பில் போன நாளிலிருந்தே அந்த ஆறு மாதக் கணக்கு ஓடியதாக வைத்து, மறுமாதமே தவணை கேட்பார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி நாள் கட்டத்தில், இந்தத் தடவை அன்றைய தேதியை எழுதினாள்.

எழுதி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நாளைக்கு யாரு மேடம் அளவு எடுப்பாங்க?"

காற்புள்ளி என் முழங்காலைப் பார்த்தார். நான் அவர் தொப்பையைப் பார்த்தேன்.

"நான் எடுக்கறேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

மறுநாளிலிருந்து விடியும் முன்னே எழுந்து சமைத்துவைத்துவிட்டு ஓடினேன். வீட்டுக்காரர், "மழைக்கே மேனேஜர் ஆயிட்டியா?" என்று கேலி பேசினார். கேலி பேசியவரே பிறகு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்க்கவேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தபடியே குனிந்து பார்த்தேன். ராத்திரி ஊர்மேல் பெய்த மழையெல்லாம் ஒரு விரல் உயரத்துக்குக் கண்ணாடிக் குழாயில் நிற்பதைப் பார்க்க, ஒவ்வொரு நாளும் எனக்குப் புதிதாகவே இருந்தது.

விடுப்பில் நூற்று அறுபது நாள் ஆனது. அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. போன் எடுக்கவில்லை. நூற்று எழுபத்தெட்டாம் நாள், கடன் கொடுத்தவர்களுக்கு 'மாணவி திரும்பவில்லை' என்று அனுப்பவேண்டிய கடிதத்தை நானே தட்டச்சு செய்து டிராயரில் வைத்தேன். அதை அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

நூற்று எழுபத்தொன்பதாம் நாள் காலை, படியேறி முடித்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் நோட்டு.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அது என்ன வரி என்று எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், கால் வீங்கி, ஐம்பது நிமிஷம் தாமதமாக வந்தேன். குழாய் காய்ந்து கிடந்தது. எட்டு மணி, மழை இல்லை என்று எழுதியிருந்தால் ஆண்டவனுக்குக்கூடத் தெரிந்திருக்காது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். என்றைக்காவது இவள் வந்து இதைப் படிப்பாள் என்று தோன்றியது. 'எட்டு மணிக்கு வரவில்லை. முழங்கால். எட்டு மணி அளவாகக் கொள்ளவேண்டாம்' என்று எழுதினேன்.

"அம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"கீழ நிக்கறாங்க மேடம். படி ஏற முடியல. இன்னிக்கு என்னைக் கொண்டுவந்து விடணும்னு ஒரே அடம்."

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு மெலிந்த பெண், தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

"மணி எட்டு மேடம். யாரு எழுதறது?"

பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவள் குனிந்து, கண்ணை இறக்கி, குழாயைப் பார்த்தாள். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: எட்டு மணி. மழை இல்லை.